ஒளிச்சேர்க்கையைக் காட்ட: ஹைட்ரில்லாவா, அயோடினா?

ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடி விடும் ஆக்சிஜன் குமிழியைக் காட்டுவதா, இலை தயாரித்த உணவான ஸ்டார்ச்சை (மாவுச்சத்தை) அயோடின் விட்டுக் காட்டுவதா? அறிவியல் கண்காட்சி வந்தால் பிள்ளைகளுக்கு இதே குழப்பம்தான். இரண்டையும் பலமுறை செய்து காட்டியிருக்கிறேன்.

செலவு: ஹைட்ரில்லா குளத்திலேயே கிடைக்கும், முகவை, புனல், சோதனைக்குழாய் போதும். அயோடினுக்கு ஸ்பிரிட்டும் அடுப்பும் கூடுதல்.

நேரம்: ஹைட்ரில்லா நல்ல வெயிலில் சில நிமிடங்களில் குமிழி விடும். அயோடினுக்கோ, தொட்டிச்செடியை முதலில் ஒரு நாளாவது இருட்டில் வைத்து, இலையிலுள்ள ஸ்டார்ச்சைத் தீர்க்க வேண்டும். பிறகு இலையில் கறுப்புத்தாள் சுற்றி அரைநாள் வெயில்.

சிக்கல்: மேகம் மூடினால் குமிழி மந்தமாகிவிடும். தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் கார்பன் டை ஆக்சைடு கூடி வேகம் பிடிக்கும். சோதனைக்குழாயில் வாயு நிறையச் சேர்ந்தால்தான் தணல் ஊதுபத்தி பற்றும். அவசரப்பட்டு மானம் போனவர்கள் உண்டு.

அயோடினில் பயம் ஸ்பிரிட்தான். நேரடித் தீ கூடவே கூடாது. அடுப்பை அணைத்துவிட்டு, ஸ்பிரிட்டும் இலையும் போட்ட குழாயை வெந்நீருக்குள் நிறுத்தி இலையை வெளுக்க வையுங்கள். பச்சையம் இறங்கி ஸ்பிரிட் பச்சையாகும், இலை வெளிறி மொடமொடக்கும். வெந்நீரில் நனைத்து அயோடின் விட்டால், வெயில் பட்ட இடம் கருநீலம். தாள் மறைத்த இடம் வெறும் பழுப்பு.

கூட்டத்தை நிறுத்த ஹைட்ரில்லா. ஆனால் அது காட்டுவது ஆக்சிஜனை மட்டும். "உணவு எங்கே?" என்று நடுவர் கேட்டால் அயோடின் இலைதான் பதில், நான் அதையே எடுப்பேன்.