நகரத்துக்குள் லிட்டருக்குப் பதின்மூன்று கிலோமீட்டரைத் தாண்டாத கார்: ஆறு ஆண்டுக் கணக்கு நோட்டு

2019ஆம் ஆண்டின் இறுதியில் வாங்கிய என்னுடைய 1200 சிசி பெட்ரோல் காருக்கு இப்போது ஆறு வயது நிறைந்து, ஓடோமீட்டரும் 58,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. முதல் நாளிலிருந்து, ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் தேதி, ஓடோமீட்டர் அளவு, லிட்டர் ஆகிய மூன்றையும் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதி வருகிறேன். விற்பனையின்போது சொன்ன மைலேஜ் லிட்டருக்கு 21. என் நோட்டு காட்டுவது, வண்டியில் கோளாறு இருந்த சில மாதங்களை விட்டுவிட்டால், நெல்லை நகரத்துக்குள் மட்டும் ஓடிய மாதங்களில் 11.5 முதல் 12.9 வரை, நாகர்கோவிலுக்கோ மதுரைக்கோ நான்குவழிச் சாலையில் போய் வந்தால் 18க்கு மேல். வண்டி ஒன்றுதான், ஓட்டுகிறவனும் ஒருவன்தான் என்னும்போது இத்தனை வேறுபாடு ஏன் என்ற கேள்வியே இந்தக் கணக்கை விடாமல் எழுத வைத்தது.

அந்த 21 பொய்யான எண் அன்று. அதைத் தந்தது புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. என்னும் வாகன ஆராய்ச்சி நிறுவனத்தின் சோதனை. அது, வண்டியைச் சாலையில் விடாமல் உருளைகளின் மேல் நிறுத்தி, 1180 விநாடிகளுக்கு வகுத்துவைத்த ஓர் ஓட்ட முறைப்படி ஓட்டி, ஏசியை அணைத்துவைத்து எடுக்கப்படுவது. அதிலும் நிற்பதும் கிளம்புவதும் உண்டு; ஆனால் குறுக்கே புகும் ஷேர் ஆட்டோ கிடையாது, சித்திரை வெயில் கிடையாது. ஒரு வண்டியை இன்னொரு வண்டியோடு ஒப்பிட அந்த எண் பயன்படும். நம் வீட்டு பெட்ரோல் செலவைக் கணிக்க அது பயன்படாது.

அளக்கும் முறையைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும். என் வண்டியின் திரை காட்டும் மைலேஜ், உண்மையைவிட எப்போதும் ஒன்று அல்லது ஒன்றரை கிலோமீட்டர் கூடுதலாகவே இருந்தது. ஆகையால், ஒரே பங்க்கில், முடிந்தவரை ஒரே பம்பில், நாசில் தானாக நிற்கும் வரை டேங்கை நிரப்பி, அடுத்த முறையும் அதே போல நிரப்பி, ஓடிய தூரத்தை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுக்கிறேன். தானாக நின்ற பிறகு, ரவுண்டாக்குவதற்காக மேலும் ஐம்பது ரூபாய்க்கு ஊற்றச் சொன்னால் கணக்கு கெட்டுவிடும். ஒரு டேங்கை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. குறைந்தது நான்கைந்து டேங்கின் சராசரியைப் பார்க்க வேண்டும்.

பெருமாள்புரத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து டவுனில் இருக்கும் அலுவலகம் ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர். முருகன்குறிச்சி, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் வழியாகத் தாமிரபரணியைக் கடந்து, ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறி இறங்கி, டவுன் ஆர்ச்சைத் தாண்டிப் போக வேண்டும். காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால் அரை மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறையும்; அதாவது சராசரி வேகம் மணிக்கு 14 அல்லது 15 கிலோமீட்டர். ஒரு வாரம் எண்ணிப் பார்த்ததில், முழுமையாக நின்று கிளம்பியது ஒரு பயணத்துக்குப் பதினாறு முறை. நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த நேரம் ஒன்பது நிமிடம். அந்த வழியில் தாமிரபரணியின் மேல் 1843இல் திறந்த சுலோச்சன முதலியார் பாலத்தை மாட்டுவண்டிகள் இதைவிட வேகமாகக் கடந்திருக்கும் என்று சில காலை வேளைகளில் தோன்றும்.

இந்த ஏழு கிலோமீட்டருக்கு எவ்வளவு பெட்ரோல் ஆகிறது, அது எங்கெங்கே போகிறது என்று கணக்கிட்டுப் பார்த்தேன். நிற்காமல் ஒரே சீராக முப்பது, நாற்பது வேகத்தில் போக முடிந்தால் என் வண்டி லிட்டருக்கு 22 கொடுக்கும். ஆகவே தூரத்துக்கான உண்மையான தேவை 320 மில்லி. என்னையும் சேர்த்து 1050 கிலோ எடையுள்ள வண்டியை நின்ற நிலையிலிருந்து 30 வேகத்துக்குக் கொண்டுவர 36 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு மில்லி பெட்ரோலில் 32 கிலோஜூல் இருந்தாலும், நகர ஓட்டத்தில் இன்ஜின் அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குத் தருகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு முறை கிளம்புவதற்கு ஆறு மில்லி ஆகும். அடுத்த சிக்னலில் பிரேக்கை மிதித்ததும் அந்த ஆறு மில்லி தந்த வேகம் முழுவதும் பிரேக்கில் சூடாகிக் காற்றோடு போய்விடுகிறது. பதினாறு முறைக்கு 96 மில்லி. ஏசியோடு நிற்கும்போது மணிக்கு ஒரு லிட்டர் வீதம் ஒன்பது நிமிடத்துக்கு 150 மில்லி. காலையில் குளிர்ந்திருக்கும் இன்ஜின் சூடேறும் வரை கூடுதலாகக் குடிப்பது ஒரு முப்பது மில்லி. மொத்தம் 596 மில்லி. வகுத்துப் பார்த்தால் லிட்டருக்கு 11.7. தோராயமான கணக்குத்தான் என்றாலும், நோட்டில் உள்ள எண்ணும் ஏறக்குறைய இதுவாகவே இருந்தது கண்டு எனக்கே வியப்பாக இருந்தது. ஏறத்தாழ பாதி பெட்ரோல் வண்டியை நகர்த்துவதற்குப் போகவில்லை. நிற்பதற்கும், நின்று கிளம்புவதற்கும், சூடேறுவதற்கும் போகிறது.

இதில் வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதை மறந்துவிடக்கூடாது. முப்பதில் போய் நிற்பதற்கு ஆறு மில்லி என்றால், அறுபது வரை விரட்டிக்கொண்டு போய் அடுத்த சிக்னலில் நிற்பதற்கு இருபத்து நான்கு மில்லி. வண்ணார்பேட்டைக்கு முன் சாலை சற்றுக் காலியாகக் கிடந்தால் ஆக்சிலேட்டரை மிதிக்கத் தோன்றும், எனக்கும் தோன்றியதுண்டு. அப்படி மிதித்துச் சேமித்த நேரம் முழுவதையும் சிக்னலில் நின்றே கழித்தேன்.

வண்டியிலேயே கோளாறு இருந்த காலம் ஒன்றும் உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நம் பக்கத்தில் இது அடிக்கடி நடக்கிறது. 2023இல் ரேடியேட்டரில் சிறு கசிவு ஏற்பட்டு, ஒரு பட்டறையில் கொடுத்துச் சரிசெய்தேன். அதன் பிறகு நகர மைலேஜ் 11.8இலிருந்து 10.3க்கும், நெடுஞ்சாலை மைலேஜ் 18.4இலிருந்து 16.7க்கும் இறங்கியது. முதலில் பங்க்கின் அளவில் சந்தேகம் கொண்டு பங்க்கை மாற்றினேன். பிறகு ஏர் ஃபில்டரையும் ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றினேன். எதுவும் மாறவில்லை. எட்டு மாதம் கழித்து, மார்கழி விடியற்காலையில் நாகர்கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, நாங்குநேரிக்கு அருகே ஒரே சீராக எண்பதில் வண்டி ஓடிக்கொண்டிருக்க, டாஷ்போர்டில் நீல விளக்கு எரிந்தது. இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்பதைக் காட்டும் அந்த விளக்கு, காலையில் கிளம்பிய சில நிமிடங்களில் அணைந்துவிட வேண்டியது. முப்பது கிலோமீட்டர் ஓடிய வண்டியில் மறுபடியும் எரிவதற்குக் காரணமே இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் இன்ஜின் கம்ப்யூட்டரின் அளவுகளைக் காட்டும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றை வாங்கிச் செருகிப் பார்த்தேன். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் சூடு 90 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும்; அது நான்குவழிச் சாலையில் 64 டிகிரியைத் தாண்டவில்லை. அதே பட்டறைக்குப் போய்க் கேட்டதற்கு, மெக்கானிக் சற்றும் தயங்காமல், “நம்மூர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு அண்ணாச்சி? அது கெடந்தா சூடுதான் ஏறும்னு அன்னிக்கே கழத்திட்டேம்லா” என்றார். நல்லெண்ணத்தோடுதான் செய்திருக்கிறார், அதில் ஐயமில்லை. ஆனால் வெளியே நாற்பது டிகிரி வெயில் அடித்தாலும் இன்ஜினுக்கு அது குளிர்தான். தெர்மோஸ்டாட் என்பது, இன்ஜின் எண்பது டிகிரியை எட்டும் வரை கூலன்டை ரேடியேட்டர் பக்கம் விடாமல் மூடி வைத்திருக்கும் ஒரு சிறு கதவு. அதைக் கழற்றிவிட்டால், சாவியைத் திருப்பிய நொடியிலிருந்தே கூலன்ட் ரேடியேட்டருக்குள் ஓடிக் குளிர்ந்துகொண்டிருக்கும். இன்ஜின் இன்னும் குளிர்ச்சியாகவே இருக்கிறது என்று எண்ணும் கம்ப்யூட்டர், பெட்ரோலைக் கூட்டித் தெளித்துக்கொண்டே இருக்கும். ஆயில் கெட்டியாகவே கிடந்து இழுக்கும். குறுகிய நகரப் பயணத்தில் எப்போதுமே முழுச் சூடு ஏறாத வண்டிக்கு இது இரட்டை இழப்பு. ஆயிரம் ரூபாய்க்கும் குறைவான விலையில் புதிய தெர்மோஸ்டாட்டை வேறோர் இடத்தில் மாட்டினேன். அடுத்த மூன்று டேங்கில் மைலேஜ் பழைய நிலைக்கு வந்துவிட்டது. வண்டி அதிகம் சூடானால் அதற்கான காரணத்தைத்தான் தேட வேண்டுமே தவிர, தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது வைத்தியம் ஆகாது.

அந்த எட்டு மாதத்தில் வீணாக மாற்றியவற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் ஏர் ஃபில்டர் அழுக்கானால் இழுவை குறையுமே தவிர மைலேஜ் பெரிதாகக் குறைவதில்லை. உள்ளே வரும் காற்றை அளந்து அதற்கேற்பவே பெட்ரோல் தெளிக்கப்படுகிறது. பங்க்கில் டேங்கில் ஊற்றச் சொல்லி விற்கும் சிறு புட்டி மருந்தையும் இரண்டு முறை ஊற்றினேன். அதனால் நோட்டில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. டயரில் காற்று குறைவது உண்மையான காரணம். 33 இருக்க வேண்டிய இடத்தில் 26 இருந்த ஒரு மாதத்தில் அரை கிலோமீட்டருக்கு மேல் குறைந்தது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை, டயர் சூடாவதற்கு முன், காலையிலேயே காற்றுப் பிடித்துவிடுவது நல்லது.

ஏசியைக் குறை சொல்லிப் பயனில்லை. அக்னி நட்சத்திரத்தில் கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஜங்ஷன் நெரிசலில் நிற்கச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, நானும் கேட்கமாட்டேன். ஆனால் நோட்டில் ஆனி, ஆடி மாதங்கள் தனியாகத் தெரிகின்றன. குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் மேற்கிலிருந்து வீசும் காற்று நெல்லை வரைக்கும் வரும். அப்போது மாலையில் ஏசி தேவைப்படாது. ஆறு ஆண்டிலும் நகரத்துக்குள் மிக அதிகமாகக் கிடைத்த 12.9 ஓர் ஆடி மாதத்து எண். வேடிக்கை என்னவென்றால், அதே ஆடியில் முப்பந்தல் தாண்டி ஆரல்வாய்மொழி நோக்கிப் போகும்போது எதிர்க்காற்று மைலேஜைத் தின்றுவிடும்.

ஓட்டும் முறையில் நான் மாற்றிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். சிவப்பு விளக்கு தூரத்தில் தெரிந்ததும் கியரை எடுக்காமல் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறேன். பலரும் நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்று நம்புகிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படியே செய்தேன். கார்புரேட்டர் காலத்து வழக்கம் அது. கியரில் இருக்கும்போது சக்கரமே இன்ஜினைச் சுழற்றுவதால் பெட்ரோல் தெளிப்பு முழுமையாக நின்றுவிடுகிறது. நியூட்ரலிலோ இன்ஜின் தானாகச் சுழல்வதற்குப் பெட்ரோல் குடித்துக்கொண்டிருக்கிறது. ஸ்கேனரின் திரையில் அந்தச் சுழியம் தெரியும்போது சிறு பிள்ளையைப் போல மகிழ்ந்திருக்கிறேன். குலவணிகர்புரம் ரயில்வே கேட் மூடியிருந்தால் இன்ஜினை அணைத்துவிடுகிறேன். அரை நிமிடத்துக்கு மேல் நிற்கப்போகிறோம் என்று தெரிந்தால் எங்கும் அணைப்பதே மேல்.

எத்தனால் கலப்பு பற்றிப் பலரும் கேட்கிறார்கள். ஒரே அளவு பெட்ரோலோடு ஒப்பிட்டால் எத்தனாலில் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே பத்து விழுக்காட்டிலிருந்து இருபதுக்குப் போனால் ஆற்றல் மூன்று விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாகக் குறையும். பன்னிரண்டு தரும் வண்டிக்கு அது 0.4 கிலோமீட்டர். 2025ஆம் ஆண்டின் பக்கங்களில் ஏறக்குறைய அவ்வளவு குறைவு தெரிகிறது. ஆனால் அதே ஆண்டில்தான் நான்கு டயர்களையும் மாற்றினேன் என்பதால், பழி முழுவதையும் எத்தனாலின் மேல் போட எனக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டு ஏன் எட்டாகிவிட்டது என்று கேட்பவர்களின் வண்டியில் வேறு கோளாறு இருக்கிறது; தெர்மோஸ்டாட்டிலிருந்தும், சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கிலிருந்தும் தேடத் தொடங்கலாம். சமதளத்தில் கியரை எடுத்துவிட்டு ஒரு கையால் தள்ளிப் பார்த்தாலே பிரேக் பிடிப்பது தெரிந்துவிடும்.

கடந்த ஆறு மாதமாக, பாளை மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கவும், மகளை டியூஷனில் விடவும் காரை எடுப்பதை நிறுத்திவிட்டு ஸ்கூட்டரில் போகிறோம். ஒன்றரை கிலோமீட்டர் போய், இன்ஜின் சூடாவதற்குள் அணைத்து, அரை மணி நேரம் கழித்து மறுபடியும் கிளப்பும் அந்தப் பயணங்கள் லிட்டருக்கு எட்டுகூடத் தந்திருக்காது. வண்டியில் எதையும் மாற்றவில்லை, அலுவலக வழியும் அதேதான். எனினும் ஐப்பசியின் மூன்று டேங்குகளின் சராசரி 12.6 என்று நோட்டில் இருக்கிறது.