ராமநாதபுரம் கடலோரத்தில் இலவச உடல் பரிசோதனை: எது நன்றாக நடக்கிறது, எதைக் கேட்டு வாங்க வேண்டும்

தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, சாயல்குடி என்று நீளும் இந்தக் கரையில், 30 வயதைக் கடந்தவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஐந்து சோதனைகள் இலவசம்: பிரஷர், சுகர், வாய்ப்புற்று, மார்பகப் புற்று, கர்ப்பப்பை வாய்ப் புற்று. காசு கொடுத்துப் போகும் லேப் பேக்கேஜ்கள் பலவற்றில் வாயைத் திறந்து பார்க்கக்கூட ஆள் இருப்பதில்லை. அந்த வகையில் இதற்கே எங்கள் ஓட்டு. ஆனால் சோதிக்கும் முறை கொஞ்சம் பிசகினாலும் வரும் எண் தப்பாகிவிடும்.

முதலில் வயது. 30 என்றதும் ‘அது பெருசுகளுக்குப்பா’ என்று நழுவுகிறார்கள். 2004 சுனாமியின்போது ஐந்தாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் இப்போது 30 தாண்டிவிட்டார்கள். பெரியவர்களுக்கு வேறு சிக்கல்: ஆதாரில் இருப்பது பல நேரம் பள்ளிக்கூடத்தில் குத்துமதிப்பாகப் போட்ட தேதி. 1964 டிசம்பர் தனுஷ்கோடிப் புயலின்போது கைக்குழந்தையா, ஓடித் திரிந்த வயதா என்று கேட்டால் உண்மை வயது வந்துவிடும். நோய் வரும் அபாயத்தைக் கணக்கிட நிரப்பும் படிவத்தில் வயது 50 முதல் 59 வரை மூன்று மதிப்பெண், 60 முதல் நான்கு. மொத்தம் நான்கைத் தாண்டினால் சோதனையில் முன்னுரிமை.

அதே படிவத்தில் பெற்றோர், உடன்பிறந்தோருக்குச் சுகர், பிரஷர், இதய நோய் உண்டா என்ற கேள்விக்கு இரண்டு மதிப்பெண். பெரும்பாலோர் யோசிக்காமல் ‘இல்லை’ என்கிறார்கள். காரணம், அப்பா அம்மா காலத்தில் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. சின்ன வயதில் பார்த்ததைச் சொன்னால் போதும். ஆறாத புண்ணால் அப்பாவின் கால்விரலை எடுத்தது, அம்மாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, ‘வாய்வு’ என்று நெஞ்சைப் பிடித்தபடி அண்ணன் போய்ச் சேர்ந்தது எல்லாம் சொல்ல வேண்டியவை. வியாதியின் பேர் தெரியாவிட்டாலும் நர்ஸ் கேட்டுப் புரிந்துகொள்வார்.

அதிகம் பிசகுவது பிரஷர். வெயிலில் நடந்து வந்தவரை ஸ்டூலில் உட்காரவைத்து, சட்டைக் கை மேலேயே பட்டையைச் சுற்றினால் அந்த எண்ணை நம்ப முடியாது. அரைமணி நேரம் முன்னிருந்தே டீ, பீடி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை நெஞ்சு உயரத்தில் மேசையில் இருக்கட்டும். வலை இழுத்து உரமேறிய கைக்கு வழக்கமான பட்டை சின்னதாகிவிடும். சின்னப் பட்டை பிரஷரைக் கூட்டிக் காட்டும் என்பதால் பெரிய பட்டையைக் கேளுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும். வேறு வேறு நாளிலும் 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் பிரஷர் என்று முடிவு கட்டலாம்.

மாத்திரையோடு ‘உப்பைக் குறைங்க’ என்று ஒரு வரி சொல்வார்கள். கருவாட்டில் பழகிய நாக்குக்கு அது போதாது. கருவாட்டை ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவி, குழம்பில் தனியாக உப்புப் போடாமல் இருப்பதுதான் இங்கே செய்யக்கூடியது.

சுகருக்கு விரல் குத்தும்போது பக்கத்தில் இருக்கும் ஸ்ட்ரிப் டப்பாவைக் கவனியுங்கள். இந்த உப்புக் காற்றின் ஈரத்தில் மூடி திறந்தே கிடந்தால் ஸ்ட்ரிப் கெட்டு எண் மாறும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுப் போங்கள். நுங்கோ பதநீரோ தொட்ட விரல் இல்லாத சுகரைக் காட்டும். கடல்பாசி எடுத்து விரல் நுனி வெட்டுப்பட்ட பெண்கள் விரலின் பக்கவாட்டில் குத்தச் சொல்லலாம். ரத்தம் வரவில்லை என்று பிதுக்கினால் சதையில் உள்ள நீரும் கலந்துவிடும். வெறும் வயிறு என்றால் எட்டு மணி நேரம். 126 அல்லது அதற்கு மேல் என்றால் இன்னொரு நாள் லேபில் ரத்தம் கொடுத்து உறுதி செய்ய வேண்டும். மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி எடுத்தால், ரத்தசோகை இருப்பதை முன்பே சொல்லிவிடுங்கள். இரும்புச்சத்துக் குறைவில் அது கூடிக் காட்டலாம்.

வாய்ச் சோதனைக்கு அடக்கிய புகையிலையைத் துப்பி, வாய் கொப்பளித்துவிட்டு உட்காருங்கள். நாக்கின் அடியையும் இரு கன்னத்தின் உட்புறத்தையும் டார்ச் அடித்துப் பார்க்காவிட்டால் அது சோதனையே இல்லை. தேய்த்தாலும் போகாத வெள்ளை, சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் தாண்டிய புண், மூன்று விரல் நுழையாத வாய் எதுவானாலும் மேல் சிகிச்சைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள்.

கர்ப்பப்பை வாய்ச் சோதனையில் அசிட்டிக் அமிலக் கரைசல் தடவி ஒரு நிமிடம் காத்திருந்து பார்ப்பார்கள். மாதவிலக்கு நாளில் முடியாது. வெள்ளையாக மாறினால் அது புற்று என்று அர்த்தமில்லை, அடுத்த சோதனை தேவை என்று மட்டுமே. திரையும் பெண் நர்ஸும் இல்லாத இடத்தில் சம்மதிக்க வேண்டாம்.

எங்கள் பெரிய குறை நேரம்தான். 2025 ஆகஸ்ட் 2-ல் தொடங்கிய நலம் காக்கும் ஸ்டாலின் முகாம்களில் ஈசிஜி, ஸ்கேன் வரை உண்டு, ஆனால் அவை சனிக்கிழமைக்கு என்று வகுக்கப்பட்டவை. ராமேஸ்வரம் விசைப்படகுகள் கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. முகாம் நடக்கும்போது ஆண்கள் கடலில். மீன்துறையோடு பேசிக் கடலோரத்துக்கு மட்டும் நாளை மாற்றுவது கஷ்டமான காரியமில்லை. அதுவரை விசைப்படகுக்காரர்கள் செவ்வாய், வியாழன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம்தான்; ஆனால் இரவு முழுக்கக் கண்விழித்து டீயில் ஓட்டிக் கரையேறிய அந்தக் காலையிலேயே போனால் பிரஷரும் சரியிருக்காது, வெறும் வயிற்றுச் சுகரும் கிடைக்காது. வெள்ளி தோது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் அதைவிடத் தோது, இரண்டாம் முறை பார்க்கவும் நாள் கிடைக்கும்.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருவது முதியவர்களுக்குப் பெரிய உதவி. மாத்திரை வீட்டுக்கே வருகிறது என்பதற்காகக் கண்ணையும் பாதத்தையும் விட்டுவிடக் கூடாது. சுகர் இருப்பவர் வருடம் ஒருமுறை விழித்திரை பார்க்க வேண்டும். மணலில் வெறுங்காலோடு நடப்பவருக்குப் பாத உணர்வையும் சோதிக்கச் சொல்லுங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினால், சீட்டில் ‘பிரஷர் அதிகம்’ என்று மட்டும் இல்லாமல் எண்ணையும் தேதியையும் எழுதி வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.