காமா நைஃப் ஐகான்: மூக்கு நுனியைக் கண்காணிக்கும் கேமரா

ஸ்வீடனின் எலெக்டா நிறுவனம் மூளைக்குள் காமா கதிரைக் குவித்துச் சிகிச்சை தரும் காமா நைஃப் ஐகான் கருவியை 2015இல் கொண்டுவந்ததிலிருந்து, மண்டையோட்டில் திருகப்படும் லெக்செல் ஃப்ரேம் என்ற சட்டம் இல்லாமல், சூட்டில் இளகி முகவாகுக்கு இறுகும் மாஸ்க் ஒன்றை மட்டும் அணிவித்து மூளைக் கட்டிகளுக்குச் சிகிச்சை தர முடிகிறது. ஃப்ரேம் போட்டால் தலை அசையாது; மாஸ்க்குக்குள் மில்லிமீட்டர் கணக்கிலாவது அசையும். அந்த அசைவைப் பிடிக்கும் ஏற்பாடு எவ்வளவு நம்பகமானது என்பதே இந்த மதிப்புரையின் பொருள்.

மாஸ்க்கில் மூக்குப் பகுதியைத் திறந்து விட்டு, ஒளியைப் பிரதிபலிக்கும் சிறு குறி ஒன்றை மூக்கு நுனியில் ஒட்டுகிறார்கள். படுக்கையோடு சேர்ந்த அகச்சிவப்புக் கேமரா, தலைதாங்கியில் நிலையாக உள்ள நான்கு குறிகளை ஆதாரமாகக் கொண்டு, அந்த ஐந்தாவது குறி எவ்வளவு விலகியது என்று இடைவிடாமல் அளக்கிறது. விலகல் முன்பே குறித்த எல்லையை (பல மையங்களில் இது 1.5 மி.மீ.) தாண்டினால், கதிரைத் தரும் 192 கோபால்ட்-60 மூலங்களும் தாமாகவே மறைப்பு நிலைக்கு நகர்ந்து கதிர் நின்றுவிடுகிறது, தலை பழைய இடத்துக்கு வந்தால் சிகிச்சை தொடர்கிறது, வராவிட்டால் கருவியிலேயே உள்ள கோன் பீம் சி.டி. என்ற எக்ஸ்ரே ஸ்கேனரில் மீண்டும் படமெடுத்து நிலையைத் திருத்துகிறார்கள். ஆபரேட்டரின் கண்ணையும் கையையும் நம்பியிராத இந்த நிறுத்தத்துக்காகவே கருவிக்கு முழு மதிப்பெண் தரலாம்.

ஆனால் கேமரா பார்ப்பது மூக்கை. கதிர் பாய்வது கட்டியில். பின்னந்தலையைத் தாங்கலில் ஊன்றியபடி நோயாளி முகவாயைத் தூக்கினால், சுழல் புள்ளிக்குத் தொலைவில் உள்ள மூக்கு அதிகமாகவும், உள்ளே ஆழத்தில் உள்ள கட்டி குறைவாகவும் நகரும். பெரும்பாலும் இது பாதுகாப்பான பக்கத்துப் பிழைதான். எனினும் ஒரே ஒரு புள்ளியை அளப்பதால் சுழற்சி எது, நேர்நகர்வு எது என்று பிரித்தறிய முடியாது; மூக்கு நிலைத்திருக்கத் தலையின் பின்பகுதி மட்டும் விலகினால் கேமராவுக்கு அது தெரியாமலே போகலாம். மறுபுறம், தலை அசையாமலே தோல் மட்டும் சுருங்கினாலும் கதிர் நிற்கலாம். மூக்கில் அரிப்பெடுக்காத மனிதர் யார்? கோபால்ட்-60இன் அரை ஆயுள் (அதன் கதிர்வீச்சு பாதியாகக் குறையும் காலம்) சுமார் 5.27 ஆண்டுகள் என்பதால், மூலங்கள் பழையதாக ஆக ஒவ்வொரு அமர்வும் நீளும், அசைவதற்கான வாய்ப்பும் கூடும். வாங்கும் மருத்துவமனைகள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

முகப்பரப்பு முழுவதையும் கேமராக்களால் பின்தொடரும் அலைன்ஆர்டி என்ற கண்காணிப்பு முறை சுழற்சியையும் காட்டிவிடுகிறது. சைபர்நைஃப் என்ற இன்னொரு கதிர்ச் சிகிச்சைக் கருவி இடையிடையே எக்ஸ்ரே எடுத்து மண்டையோட்டையே பார்க்கிறது, ஆனால் இரு படங்களுக்கு நடுவே நடப்பதை அறியாது. இவற்றோடு ஒப்பிட்டால் ஐகானின் கேமரா ஏற்பாடு எளிமையானது, தொடர்ச்சியானது, நோயாளிக்குக் கூடுதல் கதிர் தராதது.

பல அமர்வுகளாகப் பிரித்துத் தரும் சிகிச்சைக்கு மாஸ்க்கையும் கேமராவையும் தயங்காமல் பரிந்துரைக்கலாம். முக நரம்பு வலிக்காக, மிகச் சிறிய நரம்பு வேர் ஒன்றின் மேல் ஒரே அமர்வில் பெரும் அளவுக் கதிரைக் குவிக்க வேண்டியிருந்தால், வலித்தாலும் ஃப்ரேமையே கேட்டு வாங்குவது நல்லது.