காபித்தூள் கடை: கண்ணெதிரே அரவையா, பாக்கெட்டா?

ஒரே ஒரு அரவை மெஷினை வைத்து நடத்தும் காபித்தூள் கடைக்கு வியாபாரத்தைப் பெருக்க இரண்டு வழி உண்டு. ஆள் வந்து கேட்கும்போது கொட்டையை நிறுத்து அரைத்துத் தருவது ஒன்று. மொத்தமாக அரைத்து, பெயர் அச்சடித்த பாக்கெட்டில் அடைத்து, சுற்றுவட்டார மளிகைக் கடைகளில் போடுவது இன்னொன்று. பாக்கெட்டில் விற்பனை கூடும், பெயர் நாலு தெருவுக்குத் தெரியும், கடையில் நெரிசல் இருக்காது. இதையெல்லாம் தெரிந்தே கண்ணெதிரே அரைக்கும் வழியைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன்.

காரணம் ஒன்றே ஒன்று: தூளின் வயது. வறுத்த கொட்டை இறுக மூடிய டப்பாவில் இரண்டு மூன்று வாரம் தாங்கும். அரைத்துவிட்டால் கணக்கு நாட்களில்தான். பெரிய கம்பெனிகள் பாக்கெட்டில் நைட்ரஜன் நிரப்பியோ, உள்ளிருக்கும் வாயுவை மட்டும் வெளியே விடும் வால்வு வைத்த பையில் அடைத்தோ இதைச் சமாளிக்கிறார்கள். சின்னக் கடையின் சீலிங் மெஷின் தூளோடு காற்றையும் சேர்த்தே அடைக்கிறது. புதிதாக வறுத்த கொட்டையை அரைத்ததும் அடைத்தால், உள்ளே வெளியேறும் வாயுவால் பாக்கெட் உப்பி ஓரம் பிரியும். வாயு போகட்டும் என்று பரப்பி வைத்தால் மணமும் கூடவே போய்விடும். அதன்பிறகு அந்த பாக்கெட் மளிகைக் கடையில் ஊதுபத்திக்கும் கற்பூரத்துக்கும் பக்கத்தில், வெயில் படும் இடத்தில் தொங்கும். காபித்தூள் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். புதுச் சரக்கை முன்னால் மாட்டி, பழையதைப் பின்னால் தள்ளிவிடுவார்கள். விற்காதது திரும்பி வந்தால் நஷ்டம் அரைத்தவர் தலையில்.

கண்ணெதிரே அரைத்தால் இந்தத் தொல்லை இல்லை. கொட்டை மட்டுமே இருப்பு. நாலைந்து நாள் விற்பனைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வறுத்தால் போதும். வாரம் 200 கிராம் வாங்கும் வீடுகளே இந்தக் கடையின் முதுகெலும்பு. பெரிய கம்பெனியால் அவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அரைக்க முடியாது.

செய்முறையில் கவனம் வேண்டும். 80-20 கலவையில் 200 கிராம் என்றால் 160 கிராம் கொட்டை, 40 கிராம் சிக்கரி. பீபெர்ரி, பிளாண்டேஷன் ஏ என்ற இரண்டு கொட்டை ரகங்களையும் பாதிப் பாதி கேட்டால் தலா 80 கிராம். கொட்டையை மட்டும் அரைத்து, சிக்கரியைக் கடைசியில் கையால் கலக்க வேண்டும். சிக்கரி ஈரத்தை இழுக்கும். மெஷினுக்குள் போனால் அரைக்கும் தகட்டில் அப்பிக்கொள்ளும். போட்ட எடையும் வந்த எடையும் ஒத்துப்போகிறதா என்று நிறுத்துப் பாருங்கள். எட்டுப் பத்து கிராம் குறைந்தால் அது உள்ளேயே தங்கிவிட்டது. அடுத்தவர் தூளில்தான் அது வந்து சேரும். மெஷின் வாயைத் தட்டி இறக்குங்கள். காலையில் முதலில் ஒரு கைப்பிடி கொட்டையை ஓட்டி, அந்தத் தூளைத் தள்ளிவிடுங்கள். அரைத்த சூட்டோடு பையை மூடினால் உள்ளே வேர்த்துக் கட்டிபடும். தட்டில் கொட்டி ஆறவிட்டுக் கட்டுங்கள்.

"டிகாஷன் இறங்கவே மாட்டேங்குது" என்று வருபவர்தான் பெரிய வரவு. தூள் அதிக நைசாக இருக்கும், அல்லது சிக்கரி கூடியிருக்கும். சிக்கரி தண்ணீரில் ஊறி வழியை அடைக்கும். 60-40 கேட்பவருக்கு, மெஷினில் நைசைக் கூட்டிக் குறைக்கும் அளவில் ஒரு புள்ளி தள்ளி, கொரகொரப்பாகவே அரைக்க வேண்டும். "சட்டுனு இறங்கிடுது, தண்ணியா இருக்கு" என்றால் ஒரு புள்ளி நைசாக்குங்கள். கலவையையும் மெஷின் புள்ளியையும் அவர் பெயருக்கு நேராக நோட்டில் எழுதிவையுங்கள். அடுத்த வாரம் அவர் வாய் திறக்கும் முன்பே அளந்து போடலாம். அச்சடித்த பாக்கெட்டில் இந்தத் திருத்தத்துக்கு இடமே இல்லை.

குறையும் உண்டு. மாத முதல் வாரத்தில் கடை வாசலில் கூட்டம் கூடும். போனில் முன்கூட்டியே சொல்லச் சொல்லி, அவர் வருவதற்கு அரை மணி முன்பு அரைத்தால் சமாளிக்கலாம். காலையிலேயே அரைத்து அடுக்கினால் அதுவும் பாக்கெட் வியாபாரம்தான். இன்னொன்று, தகடு தேய்ந்தால் மாவும் குருணையுமாகத் தூள் கலந்து விழும், மெஷினும் சுடும். விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்போது தள்ளிப்போடாமல் தகட்டை மாற்றுங்கள்.

சட்டப்படி, வாங்குபவர் இல்லாத நேரத்தில் அடைத்து வைக்கும் பாக்கெட்டில் முகவரி, நிகர எடை, அடைத்த தேதி, அதிகபட்ச விலை எல்லாம் அச்சிட வேண்டும். சிக்கரி கலந்திருந்தால் சதவீதமும் போட வேண்டும். காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

வெளியூருக்குக் கூரியரில் அனுப்புவதென்றால் பாக்கெட்தான் வழி. அந்த வியாபாரத்தில் எனக்கு அனுபவம் குறைவு, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். உள்ளூரிலேயே போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், நடந்து போகும் தூரத்தில் இரண்டு கடை, கடைக்குப் பத்து பாக்கெட், அரைத்த தேதி பெரிய எழுத்தில். வாரம் முடிந்ததும் மிச்சத்தை நீங்களே போய் எடுத்து வந்துவிடுங்கள்.