65 டாலர் ஃப்ளை கட்டும் கிட்: வால் முடி அருமை, முள்ளும் வைஸும் மோசம்

மார்ச்சில் வாங்கினேன், இப்போது நவம்பர். எட்டு மாதம் பயன்படுத்திப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

நான் இருப்பது மேரிலாண்டில், அனாபொலிஸ் பக்கம். கால் மணி நேரத்தில் செசபீக் விரிகுடா வந்துவிடும். சாண்டி பாயின்ட் பார்க்கில் பாறைமேல் நின்று ஸ்ட்ரைப்ட் பாஸ் மீனுக்கு ஃப்ளை வீசுவேன். ஃப்ளை என்றால் தூண்டில் முள்ளில் முடியும் நூலும் கட்டிச் செய்யும் போலி இரை. இந்த ஊரில் அந்த மீனை ராக்ஃபிஷ் என்றுதான் சொல்வார்கள். அது தின்பதில் முக்கியமானது பே ஆன்சோவி. நம் நெத்திலிக்குச் சொந்தம்தான். கையில் எடுத்துப் பார்த்தால் பக்கவாட்டில் அதே வெள்ளிக் கோடு. அந்த நெத்திலி மாதிரி ஒரு ஃப்ளையை நானும் என் 12 வயது மகளும் வீட்டிலேயே கட்டிப் பழகத்தான் இந்த கிட். டப்பாமேல் ‘உப்புத்தண்ணீருக்கு’ என்று பெரிதாகப் போட்டிருந்தது.

உள்ளே ஒரு சின்ன வைஸ் (கட்டும்போது முள்ளைப் பிடித்துக்கொள்ளும் இடுக்கி), பாபின் (நூல்கண்டைப் பிடிக்கும் கருவி), கத்தரிக்கோல், நூல், 25 முள், டம்பெல் கண்கள் (இரு முனையிலும் குண்டு வைத்த, மீன் கண் போன்ற உலோகத் துண்டு), மினுக்கு இழை, வெள்ளையிலும் மஞ்சள் கலந்த பளீர் பச்சையிலும் மான் வால் முடி. எல்லாம் கிளவுசர் மின்னோ என்ற ஃப்ளையைக் கட்டுவதற்கு. பென்சில்வேனியாவின் மிடில்டவுனில் பாப் கிளவுசர் 1987-இல் சஸ்குவஹானா ஆற்று ஸ்மால்மவுத் பாஸ் மீனுக்காக உருவாக்கிய ஃப்ளை அது. அந்த ஆறு வந்து சேர்வது எங்கள் விரிகுடாவில்தான். அந்த ஃப்ளைக்குப் பெயர் வைத்த, ஃப்ளை மீன்பிடிப்பில் பேர்போன லெஃப்டி கிரே மேரிலாண்டில் பிறந்தவர். அதனால் இந்தத் தண்ணீரில் அந்த ஃப்ளையைப் போடும்போது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

முதலில் வைஸ். 1/0 அளவு முள்ளை அதன் தாடை பிடிக்கவே இல்லை. நூலைக் கொஞ்சம் இழுத்தாலே முள் சாய்ந்து கீழே விழுந்துவிடும். முதல் நாள் மூன்று தடவை இப்படி விழுந்ததும், தனக்குக் கை வரவில்லை என்று சொல்லி மகள் எழுந்து போய்விட்டாள். தப்பு அவள் கையில் இல்லை, வைஸில். இந்த கிட் மேல் எனக்குள்ள பெரிய கோபம் இதுதான்.

முள் அடுத்த ஏமாற்றம். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித்தான் வைத்தேன். இரண்டாவது முறை போய் வந்த ஒரு வாரத்தில் துருப்பிடித்து, வெள்ளை முடியெல்லாம் காவி நிறமாகிவிட்டது. விற்றவர்களுக்கு எழுதினேன். மூன்று வாரம் கழித்து அதே முள்ளில் இன்னொரு பாக்கெட் வந்தது. நூலும் மெலிசு, கண்ணை இறுக்கிக் கட்டப்போனால் அறுந்துவிடுகிறது.

ஆனால் வால் முடியைப் பற்றி மனம் நிறைந்து சொல்வேன். மான் வாலின் அடிப்பக்க முடி உள்ளே வெற்றாக இருக்கும், நூலை இறுக்கினால் விசிறி போல விரிந்துவிடும். நுனிப்பக்கம் போகப் போக அந்த வெற்று குறையும், கட்டினால் ஒடுங்கி நிற்கும். மீன் வடிவத்துக்கு அந்த மேல் பாதி முடிதான் வேண்டும். இந்த கிட்டில் வந்த இரண்டு வாலிலும் அது நீளமாக, நேராக, நிறையவே இருந்தது. வெட்டியதும் அடியில் கிடக்கும் பஞ்சு போன்ற குட்டை முடியை மட்டும் விரலால் உருவி எடுத்துவிடுங்கள்.

கூட வந்த தாள் முடியைப் பென்சில் கனத்துக்கு எடுக்கச் சொல்கிறது. அது ரொம்ப அதிகம். தீக்குச்சிக் கனமே போதும். கட்டி முடித்ததும் குழாயடியில் நனைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், முடி வழியே வெளிச்சம் தெரிய வேண்டும். நெத்திலியும் அப்படித்தானே, பாதி கண்ணாடி.

தாளில் தெளிவில்லாத இன்னொன்று, எந்த முடி எந்தப் பக்கம் என்பது. முள்ளின் காதிலிருந்து (தூண்டில் நூல் கோர்க்கும் வளையம்) தண்டில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, மேல்புறம் கண்ணை வைத்து எட்டு போடுவது போல நூலைச் சுற்றுங்கள். பிறகு கண்ணுக்குக் கீழே தண்டைச் சுற்றி வட்டமாக இறுக்கி ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டால் கண் திரும்பாது. வெள்ளை முடி கண் இருக்கும் பக்கம், கண்ணுக்கு முன்னும் பின்னும் கட்ட வேண்டும். அப்புறம் முள்ளைத் திருப்பிப் போட்டு, மினுக்கு இழையையும் பச்சை முடியையும் கண்ணுக்கு முன்னால் மட்டும் கட்ட வேண்டும். கண்ணின் கனத்தால் ஃப்ளை தண்ணீரில் தலைகீழாகப் புரளும், முள் முனை மேலே பார்க்கும். அதனால் வெள்ளை வயிறாகவும் பச்சை முதுகாகவும் ஆகிறது. பாறையிலும் அவ்வளவாக மாட்டாது. இழுத்து நிறுத்தினால் தலை குப்புற இறங்கும், மறுபடி இழுத்தால் எழும். ராக்ஃபிஷ் அடிப்பது பெரும்பாலும் அந்த இறக்கத்தில்தான்.

பிறகு கனமான தாடையுள்ள ஒரு வைஸ், மஸ்டாட் 34007 துருப்பிடிக்காத முள், தடிமனான 210 டெனியர் நூல் மூன்றையும் தனியாக வாங்கினேன். முள் முனையருகே பின்னோக்கி நிற்கும் எதிர்ப்பல்லை இடுக்கியால் நசுக்கிவிடுகிறேன், பிடிப்பதில் பெரும்பாலானதைத் திருப்பி விடுவதால். புது வைஸில் மகள் ஒரே மாலையில் நான்கு கட்டினாள். அக்டோபரில் அதில் ஒன்றை 20 அங்குல ராக்ஃபிஷ் எடுத்தது. மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டோம். பாதி முடி போன அந்த ஃப்ளையை அவள் மேசை விளக்கில் மாட்டி வைத்திருக்கிறாள்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், இரண்டுமே வாலுக்கு. முடிந்தால் கிட் வாங்காமல் கடைக்கு நேரில் போய், வாலைக் கையில் எடுத்து முடியை விரித்துப் பார்த்து வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தை வைஸில் போடுங்கள்.