கப்பலில் ஏறிய வழி: இளையோர் மிகைபுனைவில் கடற்கொள்ளைக்காரிகள்

கடற்கொள்ளைக்காரிகள் வரும் இளையோர் மிகைபுனைவு நாவல் எது கைக்குக் கிடைத்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: அந்தப் பெண் எப்படிக் கப்பலில் ஏறினாள்? கடற்பூதமும் சாபமும் புதையல் வரைபடமும் பிறகு வரட்டும். ஏறிய வழியை வைத்தே கதை எவ்வளவு தூரம் ஓடும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். பெரும்பாலும் மூன்று வழிகள். ஆண் வேடமிட்டு ஏறுகிறாள். தலைவனின் மகளாகப் பிறந்ததால் ஏறுகிறாள். அல்லது கப்பலே அவள் ஆணைக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. மூன்றுக்கும் வரலாற்றில் முன்னோடிகள் உண்டு.

வேடக் கதையிலிருந்து தொடங்குகிறேன். நான் அதிகம் நேசித்ததும் என்னை அதிகம் ஏமாற்றியதும் அதுதான். ஆணுடையில் ஒளிந்திருக்கும் பெண்ணுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு கண்டம். எங்கே குளிப்பது, எங்கே உறங்குவது, தோளில் குண்டு பாய்ந்தால் யார் சட்டையைக் கழற்றிக் கட்டுப்போடுவது? கதாசிரியர் பதற்றத்துக்கு வேறெங்கும் போக வேண்டாம். ஆனால் ரகசியம் உடைந்ததும் கதையின் காற்றும் இறங்கிவிடுகிறது. பாதிப் புத்தகத்துக்குமேல் கப்பல் தலைவன் காதலில் விழுகிறான், கடலைக் காணவில்லை.

மந்திரத்தைக் கையாள்வதிலும் இங்கே பலர் சறுக்குகிறார்கள். முகத்தை மாற்றும் மோதிரம் ஒன்றை அவள் விரலில் மாட்டிவிட்டால் அச்சத்துக்கு என்ன வேலை? மந்திரம் அவளைக் காப்பாற்றக் கூடாது, காட்டிக்கொடுக்கப் பார்க்க வேண்டும். அலை ஒவ்வொன்றும் அவளுடைய உண்மைப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் ஒரு கடலை நினைத்துப் பாருங்கள். இரவுக் காவலில் அவள் என்ன பாடுபடுவாள்!

இந்த வகைக்கு மூலம் மேரி ரீட், ஆன் பானி என்ற இருவர். 1720 அக்டோபரில், ஜமைக்கா தீவின் மேற்கு முனையருகே கொள்ளைத் தலைவன் ஜான் ராக்கமின் கப்பலோடு பிடிபட்டார்கள். அவர்களிடம் கொள்ளை கொடுத்த டாரதி தாமஸ் என்ற பெண் விசாரணையில் சாட்சி சொன்னார்: ஆண்களின் மேலங்கி, நீண்ட காற்சட்டை, தலையில் கட்டிய கைக்குட்டை, கையில் வெட்டுக்கத்தியும் துப்பாக்கியும். அதே விசாரணையில் வேறு சாட்சிகள் சொன்னதுதான் எனக்கு முக்கியம். வேறொரு கப்பலைத் துரத்தும்போது மட்டுமே இருவரும் ஆணுடை அணிந்தார்கள், மற்ற நேரங்களில் பெண்ணுடையில்தான் இருந்தார்கள். அப்படியானால் கப்பலில் எல்லோருக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது! கூட்டாளிகளையே ஏமாற்றிய ரகசியக் கதை, 1724இல் லண்டனில் வெளியான கொள்ளையர் வரலாற்று நூல் ஒன்றின் வழியாகப் பரவியது. நாவல்கள் அந்த நூலைப் பின்பற்றின; சாட்சிகளை விட்டுவிட்டன. காற்சட்டையைப் போர்க்கவசம்போல அணிந்து கழற்றும் பெண், அதை அறிந்தும் அவளோடு தோள்சேர்ந்து நிற்கும் கூட்டம் என்று ஒரு கதை வந்தால் நான் முதல் ஆளாக வாசிப்பேன்.

வாரிசுக் கதையே இப்போது அதிகம் கண்ணில் படுகிறது. எனக்கு அதில் பிடிப்புக் குறைவு. தந்தையிடமிருந்து கப்பல், கடற்கன்னியான தாயிடமிருந்து சக்தி என்று இரண்டுமே பிறப்பால் வந்துவிடுகின்றன. அவளாகச் சம்பாதிக்க என்ன மிச்சம்? இதற்கு முன்னோடியாக நினைவுக்கு வருபவர் அயர்லாந்தின் கடற்கொள்ளைத் தலைவி கிரேஸ் ஓமாலி. நீண்ட கூந்தல் கயிற்றில் சிக்கும் என்று தந்தை மறுத்ததால் முடியை வெட்டிக்கொண்டு கப்பலேறிய சிறுமி என்ற செவிவழிக் கதையை எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். 1593இல், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, சிறைப்பட்ட மகனுக்காக லண்டன் சென்று முதலாம் எலிசபெத் அரசியின் முன் நின்ற அதே பெண்ணை விட்டுவிடுகிறார்கள். இளையோர் நாவலில் கதாநாயகிக்கு அந்த வயது பொருந்தாது, சரி. அவளுடைய பாட்டிக்குப் பொருந்துமே.

மூன்றாவது வழி எழுதக் கடினமானது, எனக்கு அதுவே உயர்ந்தது. தென்சீனக் கடலில் பல கொள்ளைக் கப்பற்படைகளின் கூட்டமைப்பைக் கட்டிய ஜெங் யீ 1807இல் இறந்தபோது, தலைமை அவர் மனைவியின் கைக்கு வந்தது. வரலாறு அவரை ஜெங் யீ ஸாவோ, அதாவது ஜெங் யீயின் மனைவி என்றே அழைக்கிறது. அவரோ வளர்ப்பு மகன் ஜாங் பாவைத் துணையாக்கிக்கொண்டு தம் அதிகாரத்தை உறுதிப்படுத்திக்கொண்டார். பொதுக் களஞ்சியத்திலிருந்து திருடினால் மரணம், சிறைப்பிடித்த பெண்ணை வன்புணர்ந்தால் மரணம் என்ற விதிகள் அந்தப் படையில் இருந்ததாகப் பதிவுகள் உண்டு. 1810இல் ஆயுதம் எதுவும் இல்லாமல், பெண்களையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு குவாங்சோவில் ஆளுநரைச் சந்தித்துச் சரணடைவு பேசினார். பதினேழாயிரத்துக்கும் மேற்பட்டோர் சரணடைந்தார்கள். ஜாங் பாவுக்கு அரசுப் படையில் பதவி கிடைத்தது. ஜெங் யீ ஸாவோ 1844 வரை வாழ்ந்தார்.

இங்கே கேள்வியே வேறு. கப்பல் கிடைத்தாகிவிட்டது, இனி என்ன செய்வாய்? கொள்ளையை எப்படிப் பங்கிடுவாய், தோழி விதியை மீறினால் தண்டிப்பாயா, குடிநீர் தீர்ந்தால் யாருக்கு முதல் குவளை? பதினேழு வயதுப் பெண்ணின் சொல்லை முரட்டு மாலுமிகள் ஏன் கேட்கிறார்கள் என்பதற்கும் நாவல் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு மட்டும் மந்திரத்தைப் பயன்படுத்தினால் நான் புத்தகத்தை மூடிவிடுவேன். அவள் குரலில் மயங்கிக் கீழ்ப்படியும் கூட்டம் கலகம் செய்யாது, கலகம் செய்ய முடியாத கப்பலில் தலைமைக்கு விலை கிடையாது. மந்திரம் காற்றில் இருக்கட்டும், கடலடியில் இருக்கட்டும். ஆட்களின் மனத்தை மட்டும் அவள் தன் செயலால் வெல்லட்டும்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் முதன்முறை வாசிக்க வருபவருக்கு வேடக் கதையைத்தான் கொடுப்பேன். பக்கம் தானாகப் புரளும். காதலை எதிர்பார்ப்பவர்களுக்கு வாரிசுக் கதைகளில் குறை இருக்காது. ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் நேரம் என்பவர், முதல் அத்தியாயத்திலேயே கதாநாயகி யாரோ ஒருவருக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய நிலையில் நிற்கிறாளா என்று பார்த்து எடுக்கட்டும்.