ஹட்டன் இரவல் நூலகமும் அதன் ஜப்பானிய அலுமாரியும்

ஹட்டன் பேருந்து நிலையத்துக்கு அண்மையில், கடைத்தொகுதி ஒன்றின் மேல்மாடியில் இயங்கும் இரவல் நூலகத்தில் நான்கு மாதங்களாக உறுப்பினராக இருக்கிறேன். ஜப்பானியரின் பொருளாதார வரலாற்று ஆய்வுகளுக்கென்றே அங்கு ஓர் அலுமாரி உண்டு. இம்மதிப்புரை அதைப் பற்றியது.

நூலகர் அதை அகரவரிசையில் அல்லாமல், அத்துறை வளர்ந்த வரிசையிலேயே அடுக்கியிருக்கிறார். மியூனிக்கில் ஜெர்மன் பொருளியலாளர் பிரென்டானோவிடம் பயின்று, 1900இல் ஜப்பானின் சமூக, பொருளாதார வளர்ச்சியை ஜெர்மன் மொழியில் எழுதிய ஃபுகுடா டொகுசோவில் அது தொடங்குகிறது. பிறகு 1930இல் தோன்றிய சமூகப் பொருளாதார வரலாற்றுக் கழகம். அதே பத்தாண்டில், 1868இல் பேரரசரின் கீழ் புதிய அரசு உருவான மெய்ஜி மாற்றம் முதலாளியப் புரட்சியா அல்லவா என மார்க்சியர் இரு அணிகளாக நின்று நடத்திய விவாதம். ஐரோப்பிய முதலாளியத்தின் தோற்றத்தை ஆராய்ந்த ஓட்சுகா ஹிசாவோவுக்கு ஒரே தொகுதிதான் இருப்பது குறையே.

நான் நெடுநாள் தங்கியது ஹயாமி அகிராவின் தட்டில். ஒருவர் கிறிஸ்தவர் அல்லர் என்று உறுதிசெய்வதற்காக மெய்ஜிக்கு முந்தைய டொகுகாவா ஆட்சி ஊர்தோறும் எழுதுவித்த பதிவேடுகளை எடுத்து, சிதறிய பதிவுகளை இணைத்து ஒவ்வொரு குடும்பத்தின் வரலாற்றையும் மீட்டெடுக்கும், ஐரோப்பாவில் கற்ற குடும்ப மறுகட்டமைப்பு முறையால், பிறப்பையும் திருமண வயதையும் இறப்பையும் வெளியூருக்கு வேலைக்குப் போனவர்களையும் அவர் வீடுவீடாகக் கணக்கிட்டார். கண்காணிப்புக்காக எழுதப்பட்ட ஏடு, குடியானவர்களின் வரலாறாயிற்று. கால்நடை குறைந்து மனித உழைப்புப் பெருகிய அவர்களது வேளாண்மையை அவர் 'உழைப்புப் புரட்சி' என்றார். படிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தவை, நான் பிறந்த தோட்டத்து ஆபீஸில் நனைந்து கிடந்த பழைய செக்ரோல்கள் எனும் தொழிலாளர் பதிவேடுகள்; லயம் என்னும் தோட்டக் குடியிருப்பு வரிசைகளில் வாழ்ந்த மனிதரின் பேரும் சம்பளமும் கடனும் வேறெங்கே எழுதப்பட்டிருக்கின்றன?

கீழ்த்தட்டில் நொபோரு கராஷிமா. சோழர் காலக் கல்வெட்டுகளைக் கொண்டு, பிராமணருக்குக் கொடையாக அளிக்கப்பட்ட பிரமதேய ஊரான ஈசானமங்கலத்தில் தனியாரும் அல்லூரில் ஊராரும் நிலத்தை வைத்திருந்த முறைகளை அவர் ஒப்பிட்ட ஆய்வு, தமிழ் வாசகருக்கு மிக அணுக்கமானது.

சந்தா மாதம் 300 ரூபா. ஒரு நூலை இரண்டு வாரம் வைத்திருக்கலாம், தொலைபேசியில் சொன்னால் தவணையை நீடிக்கிறார்கள். ஏறக்குறைய எல்லாமே ஆங்கில நூல்கள் என்பதால் உயர்தர வகுப்பு மாணவர்கள் தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் தமிழில் இரண்டு பக்க அறிமுகம் எழுதி ஒட்டலாம் என்று நூலகரிடம் கூறினேன். ஹயாமியின் தட்டுக்கு நானே எழுதித் தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். புதிதாகச் சேர்பவர்கள் கராஷிமாவிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் படிப்பது எளிது.